பேதுரு பொறுப்பெடுத்த றொக்கற்றுகள்

மன்னார்க் கரையில் எங்கள் ஊரான கீரியில் எது பிழைத்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்கிற ஆள் பேதுருதான். கரண்ட் போனால், "இப்பதான் ஃபானைப் போட்டனான், அதாலையோ தெரியேல்லை" என்று வேலிக்கு மேலால் எல்லாருக்கும் அறிவிப்பார். கட்டுக்கரைக் குளம் வற்றி வயல் காய்ந்த வருஷம், அந்தப் பக்கத்திலிருந்து திருநாளுக்கு வந்த கமக்காரர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இஞ்ச நாங்கள் இவ்வளவு தண்ணியையும் உப்பா வைச்சுக்கொண்டு கிடக்கிறம்" என்று அழுதார். கமக்காரர் கையை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினவர்தான், அடுத்த திருநாளுக்கு வரவில்லை.

இது நோயில்லை, வளர்ப்பு. போர்த்துக்கேயர் வந்து எங்களுக்கு மூன்று சாமான் விட்டுவிட்டுப் போனார்கள்: கதிரை, அலுமாரி, குற்ற உணர்வு. கதிரை உடைந்துவிட்டது. அலுமாரியைக் கறையான் தின்றுவிட்டது. மூன்றாவது சாமானைப் பேதுரு எண்ணெய் பூசி வைத்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வள்ளத்தில் மீன் பிடிக்கப் போய்ப் போய், எஞ்சின் சத்தத்தில் பேதுருவுக்குக் காது போய்விட்டது. அவர் இரகசியமாகச் சொல்லுகிறது பேசாலை வரைக்கும் கேட்கும். சனிக்கிழமைகளில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிற நாங்கள் எல்லாரும் அவருடைய பாவங்களைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆகவே நான் இங்கே எந்த இரகசியத்தையும் உடைக்கவில்லை. இந்தக் கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சந்தேகமிருந்தால் அந்த இடத்தில் நின்ற கழுதையைக் கேட்கலாம்; அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரு விடியற்காலை பேதுருவின் வலை பாரமாக வந்தது. சுறா என்று நினைத்து இழுத்தால் ஒரு வெள்ளைத் தகடு. வள்ளத்தின் நீளம், வளைவாக, உள்ளே தேன்கூடு மாதிரிக் கண்ணறை கண்ணறையாக, ஓரமெல்லாம் கருகி, வெளியே ஏதோ ஒரு பாஷையின் பாதி எழுத்து. வேறு யாராக இருந்தாலும், வலை கிழிந்ததற்கு மேலே பார்த்து நாலு தூஷணம் சொல்லிவிட்டு அதைக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருப்பார்கள். பேதுரு உடைந்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு தன் வலையைப் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை பங்குச் சுவாமியிடம் பேதுரு சொன்னதும், அவருக்குக் கேட்கட்டும் என்று சுவாமி கத்தினதும் வரிசை முழுக்கக் கேட்டது:

"சுவாமி, நான் ஒரு றொக்கற்றை உடைச்சுப்போட்டன்."

உள்ளே கதிரை கிறீச்சிட்டது.

"என்னத்தை?"

"றொக்கற் சுவாமி. மேல போறது. என்ர வலையில சிக்கி உடைஞ்சுபோச்சு."

"பேதுரு, அது மேலயிருந்து விழேக்கயே உடைஞ்சிருக்கும்."

"அப்பிடித்தான் சுவாமி எல்லாரும் சொல்லித் தப்பப் பாக்கிறது."

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. கண்டெடுத்த பொருளை ஞாயிறு பூசை முடிய அறிவித்தலில் வாசிப்பார்கள். தோடு, ஒற்றைச் செருப்பு, ஆட்டுக்குட்டி, ஒருமுறை பல்லுச் செற் ஒன்று. உரியவர் அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டு போவார். காணாமற்போனதைத் தேடித் தருகிற அந்தோனியார் கோவில் என்றபடியால் இதில் நாங்கள் கொஞ்சம் கவனம். பேதுரு விடவில்லை. சுவாமியும் வேறு வழியில்லாமல் வாசித்தார்: "றொக்கற்றைத் தவறவிட்டவர்கள் அடையாளத்தைக் கூறி, பேதுரு வீட்டில் பெற்றுக்கொள்ளலாம்."

ஒருவரும் வரவில்லை. தகடு கரையில் கிடந்தது. மத்தியான வெய்யிலுக்கு அதன் நிழலில் கழுதைகள் நின்றன. ஆனால் யாரோ அந்த அறிவித்தலை ஃபோனில் பிடித்துப் போட்டு, அது கொழும்புக்குப் போய், அடுத்த கிழமை ஒரு ஜீப் வந்தது. கதவில் 'விண்வெளிப் பொருளாதார வாய்ப்புகள் அதிகார சபை' என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. அப்படி ஒரு சபை இருக்கிறதென்று எங்களுக்கு அன்றுதான் தெரியும். இறங்கின பணிப்பாளர் றொட்னியின் முகத்தைப் பார்த்தால், அவருக்கும் அது அண்மையில்தான் தெரிந்தது போல இருந்தது.

றொட்னி கழுதையைத் தள்ளிவிட்டு, தகட்டின் மேல் ஏறி நின்று பேசினார்.

"முந்தி றொக்கற் விட்டது அரசாங்கங்கள். ஒண்டு விழுந்தால் நாடே அழும். அது பழைய பொருளாதாரம். இப்ப விடுகிறது கம்பனிகள். தலைமன்னார் பஸ் மாதிரி, ஆள் ஏறினாலும் போகும், ஏறாட்டியும் போகும். போனதைத் திருப்பிப் பிடிச்சு, துடைச்சு, திரும்ப விடுகினம். ஏவுறது மலிஞ்சு போச்சு. செயற்கைக்கோள் பேக்கரிப் பணிஸ் பெட்டி அளவுக்கு வந்திட்டுது. ஒண்டு வெடிச்சால், 'நல்லாப் படிச்சம்' எண்டு கை தட்டுகினம். அடுத்த நாள் பங்கு விலை ஏறுது. இப்பிடி எல்லாம் மலிஞ்ச சந்தையில மலியாமல் நிக்கிற சாமான் ஒண்டே ஒண்டு. அது பொறுப்பு! விழுந்ததுக்கு 'என்ர பிழை' எண்டு சொல்ல இந்த உலகத்தில ஒரு ஆள் இல்லை."

"இருக்கிறன்," என்றார் பேதுரு.

றொட்னி குனிந்து பார்த்தார்.

"தம்பி, அது என்ர பிழைதான். வலையைக் கொஞ்சம் தள்ளி விட்டிருக்கலாம். அவை எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்திருப்பினம்." சொல்லிக்கொண்டே, பூசையில் 'என் பாவமே' என்கிற மாதிரி நெஞ்சில் மூன்று தரம் தட்டினார். கண்ணீர் வேறு வந்தது.

றொட்னி தகட்டிலிருந்து மெல்ல இறங்கினார். நான் என் வாழ்நாளில் ஒரு அரசாங்க உத்தியோகத்தர் அவ்வளவு மரியாதையாக ஒரு மீன்காரனைப் பார்த்ததைக் கண்டதில்லை. உடனே அந்தத் தகட்டின் சொந்தக்காரர் யாரென்று தேடி ஃபோன் எடுத்தார். செய்த கம்பனி விட்ட கம்பனியைக் கேட்கச் சொன்னது. விட்ட கம்பனி, தாங்கள் வாடகைக்கு விட்டதாகச் சொன்னது. வாடகைக்கு எடுத்த கம்பனி ஏதோ ஒரு தீவில் பதிந்திருந்தது. அந்தத் தீவில் அதற்குத் தபாற்பெட்டி மட்டும்தான் இருந்தது. காப்புறுதிக் கம்பனி இன்னொரு காப்புறுதிக் கம்பனியிடம் தன்னைக் காப்புறுதி செய்திருந்தது. கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை சொன்னதை றொட்னி எங்களுக்கு மொழிபெயர்த்தார்: "அது எங்களுடையது இல்லை. ஆனால் மனம் வருந்துவதற்கு ஆரும் கிடைச்சால் நாங்கள் மாதச் சம்பளத்துக்கு எடுக்கத் தயார்."

இப்படித்தான் பேதுரு உலக விண்வெளித் துறையின் 'வதிவிடப் பொறுப்பாளர்' ஆனார்.

மன்னார் ரவுனில் அதிகார சபைக்கென்று ஒரு கந்தோர் திறந்தார்கள். திறந்து வைக்க ஒரு மந்திரி வந்தார். அவர் பேச்சு எனக்கு இன்னும் மனப்பாடம். "இந்த நாட்டில சுதந்திரம் கிடைச்ச நாள் தொட்டு ஒருத்தரும் எதுக்கும் பொறுப்பெடுத்ததில்லை. அவ்வளவு பொறுப்பும் பாவிக்காமல், புத்தம் புதுசா, அப்பிடியே கிடக்குது. இனி நாங்கள் அதை ஏற்றுமதி செய்வம்!" எல்லாரும் கை தட்டினோம். மேடை கொஞ்சம் சரிந்தது. யார் கட்டினது என்று மந்திரி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேதுரு மட்டும் கை உயர்த்தினார். மந்திரி றொட்னியைப் பார்த்து, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "இதுதான் ஆள்" என்றார்.

வேலை இலேசு. எந்த நாட்டில் எது விழுந்தாலும் பேதுரு கமராவுக்கு முன்னால் இருந்து நெஞ்சில் தட்ட வேண்டும். ஆணி விழுந்தால் ஒரு தட்டு. எரிபொருள் தாங்கி விழுந்தால் மூன்று. றொக்கற்றின் ஒரு பாகம் முழுதாக விழுந்தால் முழந்தாள்படியிட வேண்டும். ஒருநாள் எங்கோ ஒரு தேசத்தில் செம்மறி ஆட்டுப் பட்டிக்குள் ஒரு தகடு விழுந்துவிட்டது. ஆட்டுக்காரன் கம்பனிக்காரரைச் சுடத் துவக்கோடு வெளிக்கிட்டவன், பேதுரு அழுகிறதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கிழவனுக்குத் தண்ணி குடுங்கோ" என்று சொல்லித் திரும்பினானாம். அதற்குப் பிறகு சனங்கள் வேலைக்கு அள்ளுப்பட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு குழு பயிற்சியில் தவறிவிட்டது. தங்கள் நெஞ்சைத் தட்டும்போது பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார்களாம். நானும் போனேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதென்று தெரிந்தவுடனே கம்பனிகள் றொக்கற்றுகளை இன்னும் கூடுதலாக விடத் தொடங்கின. கூட விட, கூட விழுந்தது.

சிக்கல் சனிக்கிழமைதான் வந்தது.

"சுவாமி, இந்தக் கிழமை பாலைவனத்தில ஒரு தாங்கி விழுத்தினன். பிறகு ஒரு பள்ளிக்கூடக் கூரைக்குப் பக்கத்தில..."

"நில். நீ விழுத்தினனியோ?"

"இல்லை சுவாமி. பொறுப்பெடுத்தனான்."

"செய்யாத பாவத்துக்கு நான் எப்பிடிப் பாவமன்னிப்புத் தாறது? எனக்கு அதுக்கு அதிகாரமில்லை."

"அப்ப நான் செய்யேல்லை எண்டு சொல்லட்டோ?"

"சொன்னால், கந்தோரில சொல்லுறது பொய்யெண்டு ஆகும். பொய் பாவம்."

"அந்தப் பொய்க்குத் தாங்கோவன் சுவாமி."

"நாளைக்கும் போய்ச் சொல்லுவியெல்லோ?"

பேதுருவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் போகாவிட்டால் ஆட்டுக்காரருக்கெல்லாம் யார் பதில் சொல்லுகிறது? பாவமன்னிப்பு இல்லாமல் வெளியே வந்தார். பாவமன்னிப்பு இல்லாமல் நற்கருணை வாங்கக் கூடாது என்றபடியால், அடுத்த நாள் பூசையில் நன்மை எடுக்கப் போகவில்லை. பெண்சாதி லூர்தம்மா வாங்கிலில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தா.

இது சின்ன விஷயமில்லை. திருநாளுக்கு எங்கள் ஊரில் அந்தோனியார் சிலையை, நாங்கள் சுருவம் என்கிறதை, வள்ளத்தில் வைத்துக் கடலைச் சுற்றிக்கொண்டு வருவோம். சுருவ வள்ளத்தின் எஞ்சினைப் பிடிக்கிறவர் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை எடுத்தவராக இருக்க வேண்டும். அந்த வருஷம் பேதுருவின் முறை. வாழ்நாள் முழுக்க அதற்குத்தான் காத்திருந்தவர்.

"இஞ்சாருங்கோ," என்றா லூர்தம்மா, "ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கிறியள். உங்களுக்கு ஒண்டு வாங்கிக்கொண்டு வரத் தெரியேல்லையே?"

கந்தோரிலும் காற்று மாறியிருந்தது. வேறு ஒரு நாடு மன்னிப்பை இன்னும் மலிவாகத் தரத் தொடங்கிவிட்டது. மீன் வியாபாரி நௌபர் நானா பேதுருவுக்கு விளக்கினார்: "ஒரு வள்ளத்துக்கு மீன் பட்டா அது விலை. ஊருக்கே பட்டா கருவாடுதான். இனி உங்கட கண்ணீரும் கருவாடு, பேதுரு." அவர் சொன்னபடியே நடந்தது. கண்ணீர் நேரம் எடுக்கிறது என்று நிறுத்தினார்கள். நெஞ்சில் தட்டுகிறது சட்டப்படி ஒப்புக்கொண்டது போல ஆகும் என்று அதையும் நிறுத்தினார்கள். பேதுருவை ஒருநாள் முழுக்க அழவைத்து வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, நேரில் வருகிறவர்களுக்கு வாசிக்க ஒரு கடதாசி கொடுத்தார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'நடந்ததற்கு மனம் வருந்துகிறோம். எதுவும் நடந்ததாக ஏற்றுக்கொள்ளவில்லை.'

திருநாளுக்குக் கொடி ஏற்றிய கிழமை அது நடந்தது.

லூர்தம்மாவின் தம்பி றெனால்ட், வள்ளத்தைக் கரையோரம் நங்கூரத்தில் விட்டுவிட்டுச் சாப்பிட வந்திருந்தான். பட்டப்பகல். இடி மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், வள்ளம் இரண்டு துண்டு. நடுவில் ஒரு கறுத்த உருண்டைத் தாங்கி, இன்னும் புகைந்துகொண்டு. எஞ்சின் போய்விட்டது. வலையும் போய்விட்டது. பிள்ளைகள் நாலு பேருக்கும் அந்த வள்ளம்தான் சோறு.

றெனால்ட் முகத்தைக் கழுவி, திருநாளுக்கு வைத்திருந்த சேட்டைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனான். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். முன் மேசையில் இருந்த பிள்ளை, 'கீழே விழுவன' பிரிவுக்கு அனுப்பினா. அங்கே, கடலில் விழுந்ததால் கடல் பிரிவு என்றார்கள். கடல் பிரிவில், விழுந்தது வள்ளத்தில், வள்ளம் கடல் இல்லை என்றார்கள். கடைசியில் ஒருவர், "நீங்கள் பொறுப்பாளரைத்தான் பாக்க வேணும்" என்று ஒரு கதவைக் காட்டினார்.

கதவைத் திறந்தால் மேசைக்குப் பின்னால் வெள்ளை முழுக்கைச் சேட்டோடு பேதுரு.

"மச்சான்," என்றான் றெனால்ட்.

பேதுருவுக்குச் செய்தி அப்போதுதான் வந்திருந்தது. எழும்பினார். மூலையில் இருந்த கமராவின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார். திரும்ப இருந்தார். கை கடதாசியை எடுத்தது.

"நடந்ததற்கு..." என்று தொடங்கினார்.

"மச்சான், நீ வாசிக்கிறியோ?"

"ஒரு நிமிஷம் மச்சான். இதை வாசிக்காட்டி உன்ர முறைப்பாடு பதியாதாம்."

றெனால்ட் ஏசியிருக்கலாம். மேசையைப் புரட்டியிருக்கலாம், அதற்கு நான் உதவியும் செய்திருப்பேன். அவன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். காது கேளாத மனுஷனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக, ஆனால் மெதுமையாகச் சொன்னான்: "சரி. ஆறுதலா வாசி. நான் இருக்கிறன்."

பேதுரு கடைசிச் சொல் வரைக்கும் வாசித்தார். எதுவும் நடந்ததாக ஏற்றுக்கொள்ளவில்லை. முழுக் கந்தோருக்கும் கேட்டது. றெனால்ட் தலையை ஆட்டிவிட்டு, "அக்காவைச் சுகம் கேட்டதெண்டு சொல்லு" என்று எழும்பினான். நானும் எழும்பினேன். கதவைச் சாத்தும்போது பார்த்தேன்: பேதுருவின் கை நெஞ்சு வரைக்கும் வந்து, அங்கே தட்டாமல் நின்றது. எத்தனையோ தேசத்து றொக்கற்றுகளுக்குத் தட்டின கை.

பொழுது சாயமுன்னம் பேதுரு தன் வள்ளத்தை ஓட்டிக்கொண்டு போய் றெனால்டின் வாடிக் கொட்டிலுக்கு முன்னால் கட்டினார். எஞ்சின், வலை, நங்கூரம், தண்ணிக் கான் எல்லாம் அதற்குள்ளே. கட்டிவிட்டு, காற்சட்டை நனைய நடந்தே வீட்டுக்கு வந்தார். லூர்தம்மா விஷயத்தைக் கேட்டு, வள்ளமும் மீனும் இல்லாத வீட்டில் அன்று முட்டை பொரித்துக் கொடுத்தா.

அதற்கு அடுத்த நாளே விசாரணை. குற்றப்பத்திரத்தை றொட்னியே வாசித்தார்: "உத்தரவின்றி, உண்மையாகப் பொறுப்பெடுத்தமை."

"பேதுரு அண்ணன்," என்றார் றொட்னி. "நீங்கள் மனம் வருந்தலாம். எவ்வளவும் வருந்துங்கோ, அதுக்குத்தான் சம்பளம். ஆனால் நீங்கள் வள்ளம் குடுத்திருக்கிறியள்! நாளைக்கு ஆட்டுக்காரன் ஆடு கேப்பான். பள்ளிக்கூடம் கூரை கேக்கும். பொறுப்பு எண்டால் ஏதோ குடுக்கிறது எண்டு சனம் நினைச்சால், றொக்கற் திரும்ப விலை ஏறிடும். விலை ஏறினால் கவனமா விடுவினம். கவனமா விட்டால் விழாது. விழாட்டி, நாங்கள் எல்லாரும் என்ன செய்யிறது?"

"என்ர பிழைதான் தம்பி," என்றார் பேதுரு. பழக்கதோஷம்.

"பாத்தியளோ, எவ்வளவு வடிவாச் சொல்லுறியள்," என்று றொட்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை நீக்கக் கட்டளையில் கையெழுத்து வைத்தார்.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, வரிசை கோவில் வாசலைத் தாண்டி நின்றது. பேதுரு உள்ளே போனார்.

"சுவாமி, என்ர மச்சான் வள்ளம் உடைஞ்சு எனக்கு முன்னால வந்திருந்தவன். நான் அவன்ர முகத்தைப் பாக்காமல் கடதாசியை வாசிச்சனான்."

"நீயோ?"

"நான்தான். ஒருத்தரும் என்ர கையைப் பிடிச்சு வாசிப்பிக்கேல்லை. வேலை போயிடும் எண்டு பயந்து வாசிச்சனான்."

வரிசையில் நின்ற நாங்கள் ஒரு அடி முன்னுக்கு வந்தோம்.

"அது பாவம், பேதுரு," என்றார் சுவாமி.

"உண்மையாவோ சுவாமி? வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

"என்ர பாவம்தானே? வேற ஆற்றையும் இல்லையே?"

"உன்ர பாவம்தான். முழங்காலில நில்."

பாவமன்னிப்பின் செபம் கேட்டபோது வரிசையில் யாரோ கை தட்டிவிட்டார்கள். நான் இல்லை. தண்டனையாகச் சுவாமி, இனி றெனால்டின் வள்ளத்தில் கூலியாளாகத் தொழிலுக்குப் போகச் சொன்னார். அது பேதுருவின் பழைய வள்ளம்தான் என்பது சுவாமிக்குத் தெரியும்.

திருநாளன்று சுருவத்தை ஏற்றினதும் அந்த வள்ளத்தில்தான். றெனால்ட் எஞ்சின் பிடியைத் துடைத்து, "பிடி மச்சான், உன்ர முறை" என்று விலகி இருந்தான். பேதுரு பிடித்தார். கரையெல்லாம் சனம். திருநாளுக்கு உபயமென்று அதிகார சபை கரையில் ஒரு பெரிய திரை கட்டியிருந்தது. நாங்கள் பாதி தூரம் போகவில்லை, உலகத்தில் எங்கேயோ ஏதோ விழுந்துவிட்டது போல. திரையில், முந்தி எடுத்து வைத்த வீடியோப் பேதுரு வந்தார். ஆளுயரம் மூன்று மடங்கு. அழுதார். நெஞ்சில் தட்டினார்.

"மச்சான்," என்று காதுக்குள் கத்தினான் றெனால்ட், "அங்கை ஒருத்தன் உன்னை மாதிரியே அழுறான்."

பேதுரு திரும்பிப் பார்த்தார்.

"பாவம், ஆரோ செய்ததுக்கு," என்றார். பிறகு முகம் வாடிவிட்டது. "எண்டாலும் மச்சான், அவனுக்கு முகத்தைக் குடுத்தது நான்தானே..."

கை எஞ்சினை விட்டு நெஞ்சுக்குப் போனது. வள்ளம் ஒரு பக்கம் இழுத்தது. பூமாலையெல்லாம் சரிய, அந்தோனியார் கடல் பக்கம் சாய்ந்தார். வள்ளத்தில் கூட வந்த சுவாமி பாய்ந்து சுருவத்தின் காலைக் கட்டிப்பிடித்தார்.

"கையை எடாதை!" என்று றெனால்ட் குளறிக் கத்தினான். "சுருவம் விழுந்தால் அது முழுக்க உன்ர பிழை, மச்சான்! உன்ர பிழை மட்டும்தான்!"

பேதுருவின் இரண்டு கையும் எஞ்சின் பிடிக்கு வந்தன. அந்தோனியார் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு கரை வரும் வரைக்கும் பேதுரு மேலேயும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. நான் வள்ளத்தில் அவருக்கு எதிரில் இருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷன் வள்ளம் ஓட்டி நான் பார்த்ததில்லை.